மனு பார்க்கப் போனவர்கள்

போன ஆடி மாசம் எங்கள் தெருச் சின்னம்மா ஒருவர் விடியறதுக்கு முன்னாலேயே வந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மகனை ரிமாண்டு செய்து திருச்சி மத்தியச் சிறைக்குக் கொண்டுபோய் மூன்று நாள் ஆகியிருந்தது. "பாப்பா, மனு பாக்க எப்படிப் போவணும்? என்னா எடுத்துக்கிட்டுப் போவணும்? நீதான் படிச்சவ, சொல்லு" என்றார். நான் தமிழ் எம்.ஏ. படித்தவள். அவர் கேட்ட கேள்விக்கு நான் படித்த எந்தப் புத்தகத்திலும் பதில் இல்லை. அந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் அம்மாயி. கைநாட்டு வைக்கிறவர்.

'மனு' என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சிறையில் இருப்பவரை நேரில் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் நம்ம சனங்க வைத்திருக்கும் பெயர் அது. காகிதம் எழுதிக் கொடுத்தால்தான் பார்க்கலாம் என்பதால் காகிதத்தின் பெயரே பார்ப்பதற்கும் பெயராகிவிட்டது. பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஒருத்தி விண்ணப்பம் போட வேண்டும். எழுதத் தெரியாதவள் அதற்கும் இன்னொருவர் கையை எதிர்பார்த்து நிற்க வேண்டும். நமக்கு வேறொரு மநுவையும் தெரியும். யார் யாரைத் தொடலாம், யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் அவனும் எழுதி வைத்தான்.

சிறை பற்றி நம்மிடம் நிறைய எழுத்து இருக்கிறது. எல்லாம் உள்ளே இருந்தவர்கள் எழுதியவை. வெளியே வேப்பமரத்து நிழலில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளின் வரலாற்றை யாரும் எழுதவில்லை. திருச்சிச் சிறையை வைத்துக்கொண்டு அதில் ஒரு பகுதியை எழுதிப் பார்க்கிறேன்.

*

திருச்சிக்குச் சிறை வரலாற்றில் தனி இடம் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜி தலைமையில் வேதாரண்யம் நோக்கிப் போன உப்புச் சத்தியாக்கிரகப் படை திருச்சியிலிருந்துதான் புறப்பட்டது. அதற்குத் தோள் கொடுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன், ஸ்ரீரங்கத்துக்காரர், வைணவப் பார்ப்பனர், லண்டன் போய் மருத்துவம் படித்து வந்தவர். இவர்கள் சிறைக்குப் போனார்கள். போனது உண்மை, பட்ட சிரமமும் உண்மை. அதைச் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. ஆனால் அவர்களுடைய சிறைவாசம் நமக்கு எப்படித் தெரிகிறது? இராஜாஜி 1921-22இல் வேலூர்ச் சிறையில் இருந்தபோதே நாட்குறிப்பு எழுதினார், அது அச்சாகியது. எழுதத் தெரிந்தவர்கள் சிறைக்குப் போனால் சிறை வரலாறாகிறது. எழுதத் தெரியாதவன் போனால் அது வெறும் வழக்கு நம்பர்.

அதே 1930இல் வெள்ளைக்கார அரசாங்கம் இன்னொரு காரியம் செய்தது. லாகூர்ச் சிறையில் பட்டினிப் போராட்டம் நடத்தி ஜதீன் தாஸ் 1929 செப்டம்பர் 13 அன்று உயிர்விட்ட பிறகு எழுந்த கொந்தளிப்பைத் தணிக்க, கைதிகளை ஏ, பி, சி என்று மூன்று வகுப்பாகப் பிரித்தது. எதை வைத்துப் பிரித்தது? செய்த குற்றம் மட்டும் அளவுகோல் இல்லை. அவனுடைய சமூக அந்தஸ்து, படிப்பு, வெளியே வாழ்ந்து பழகிய வாழ்க்கை ஆகியவையும் அளவுகோல். வசதியாக வாழ்ந்து பழகியவனுக்கு உள்ளேயும் கட்டில் வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும். தரையில் படுத்துப் பழகியவனுக்குத் தரையே போதும். கடிதம் எழுதுவதும் ஆள் வந்து பார்ப்பதும்கூட வகுப்புக்கு வகுப்பு வேறுபட்டன. யோசித்துப் பாருங்கள், தோழர்களே. வெளியே சாதி எதைக் கொடுத்ததோ அதையே சிறையும் திரும்பக் கொடுத்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான். பழகிய வாழ்க்கையைப் பார்த்து வகுப்புக் கொடுக்கிற யோசனை போகவில்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறை விதிகளிலும் ஏ வகுப்பு, பி வகுப்பு என்று அது தொடர்ந்தது.

*

சாதியை எதிர்த்தே ஆயிரக்கணக்கானவர்கள் திருச்சிச் சிறைக்குப் போன காலமும் ஒன்று உண்டு. 1957 நவம்பர் 3 அன்று தஞ்சாவூரில் கூடிய திராவிடர் கழக மாநாட்டில் பெரியார், சாதியைப் பாதுகாக்கும் அரசியல் சட்டப் பிரிவுகளை எரிப்பதென்று அறிவித்தார். அரசாங்கம் அவசர அவசரமாக ஒரு சட்டம் கொண்டுவந்தது. எரித்தால் மூன்று வருஷம் வரை சிறை. அப்படியும் நவம்பர் 26 அன்று பத்தாயிரம் பேர் வரை எரித்தார்கள் என்றும், மூவாயிரம் பேர் வரை சிறைப்பட்டார்கள் என்றும் இயக்கத்தார் சொல்வார்கள்.

நம்மில் சிலர், அண்ணல் எழுதிய சட்டத்தை எரிக்கலாமா என்று கேட்பதுண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதே அண்ணல் 1953 செப்டம்பர் 2 அன்று மாநிலங்களவையில், இந்தச் சட்டத்தை எரிக்க முதல் ஆளாக நானே வருவேன் என்ற பொருளில் பேசியிருக்கிறார் என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். அந்த விவாதத்தை வேறொரு கட்டுரையில் வைத்துக்கொள்ளலாம். இங்கே நான் சொல்ல வந்தது அந்த மூவாயிரம் வீடுகளைப் பற்றி.

சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலானவர்கள் கிராமத்து ஆட்கள். விவசாயிகள், கூலிக்காரர்கள், சின்னச் சின்னக் கடை வைத்திருந்தவர்கள். எதிர்வழக்காடாமல் தண்டனையை ஏற்றுக்கொண்டு போனார்கள். ஆறு மாசம் முதல் மூன்று வருஷம் வரை. அந்த மூன்று வருஷமும் நாற்று நட்டது யார், கடனுக்கு வட்டி கட்டியது யார், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தூக்கிக்கொண்டு ஓடியது யார்? இயக்க வரலாற்றில் எரித்தவர்களின் பெயர்ப் பட்டியல் உண்டு. எரித்தவர்களின் வீட்டை அணையாமல் காத்தவர்களுக்குப் பட்டியல் இல்லை.

1958 மார்ச்சில் திருச்சிச் சிறையில் இரண்டு தோழர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். பட்டுக்கோட்டை இராமசாமி, மணல்மேடு வெள்ளைச்சாமி. உடலைக் கேட்டபோது அதிகாரிகள் தர மறுத்தார்கள். சிறைக்குள்ளேயே புதைக்கவும் செய்தார்கள். பெரியார் வேறொரு வழக்கில் 1957 டிசம்பர் 14 அன்று தண்டிக்கப்பட்டுச் சிறையில் இருந்த நேரம் அது. மணியம்மையார் விடவில்லை. சென்னைக்குப் போய் முதலமைச்சர் காமராசரைப் பார்த்து வாதாடி, புதைத்த உடலைத் தோண்டி எடுக்க வைத்து வாங்கி வந்தார். திருச்சித் தெருக்களில் உடல்கள் ஊர்வலமாகப் போயின.

இந்தச் சம்பவத்தைத் தியாக வரலாறாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது மனுவின் வரலாறாகவும் படுகிறது. உயிரோடு இருக்கிறவரைப் பார்ப்பதற்கு மனு. செத்துப்போனால் உடலைப் பார்ப்பதற்கும் மனு. மணியம்மையார் முதலமைச்சர் வரைக்கும் போக முடிந்தது. பின்னால் ஒரு இயக்கம் இருந்தது. பின்னால் யாரும் இல்லாதவள் என்ன செய்வாள்?

*

எங்கள் அம்மாயிக்குப் பின்னால் யாரும் இல்லை. மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான் இருந்தேன்.

நாங்கள் ஸ்ரீரங்கம் தீவில் கொள்ளிடக் கரைப்பக்கம் இருக்கிறவர்கள். அம்மாயி வாழைத்தோப்பில் கூலி வேலை, சில நாள் வீதிப்பக்கம் போய் மாட்டுக்கொட்டகை கூட்டுகிற வேலை. கொல்லைப்புறச் சந்து வழியாகத்தான் போய் வர வேண்டும். 1998இல் பக்கத்து ஊர்த் திருவிழாவில் நம்ம ஆட்கள் தேர்வடத்தைத் தொட்டதில் தகராறாகி, அந்தப் பக்கம் ஒருவருக்கு வெட்டு விழுந்தது. இந்தப் பக்கம் குடிசைகள் எரிந்தன. வழக்கு, எதிர்வழக்கு. குடிசை எரிந்த வழக்கில் சாட்சி சொல்ல ஊரில் ஆள் இல்லை. வெட்டு வழக்கில் சாட்சிக்குப் பஞ்சமில்லை. என் மாமாவுக்கு ஏழு வருஷம்.

முதலில் திருச்சியில் இருந்தார். சீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், மத்தியப் பேருந்து நிலையத்தில் இறங்கி, புதுக்கோட்டை ரோட்டில் போகிற இன்னொரு பஸ். அம்மாயி ஒரு நாள் கூலியை விட்டால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தண்டனை ஆன பிறகு தொலைவில் இன்னொரு ஊர்ச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ராத்திரி பஸ், இரண்டு நாள் கூலி போச்சு, இரண்டு பேருக்கு டிக்கெட். அங்கே வலைக்கு அந்தப் பக்கம் ஐம்பது பேர், இந்தப் பக்கம் ஐம்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அம்மாயி கத்தமாட்டார். மாமா சாப்பிட்டாரா என்று வாயைக் குவித்துக் கையைக் காட்டிக் கேட்பார். கேட்டில் இருந்தவருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காத நாளில் எங்கள் பெயரைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். ஒரு தடவை வைகுண்ட ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் பார்க்க ராத்திரியெல்லாம் வீதியில் கிடந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டு அம்மாயி சொன்னார்: "இவுங்களுக்கு வருசத்துக்கு ஒருக்கா. நமக்கு மாசத்துக்கு ஒருக்கா."

பஸ்ஸுக்குக் காசில்லாத மாசம் கடுதாசி. நீலநிற இன்லண்ட் லெட்டரை என் முன்னால் பிரித்துப் போட்டுவிட்டு அம்மாயி சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். "அன்புள்ள மகனுக்கு, இங்கு எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல்." பள்ளிக்கூடத்தில் கற்றுக்கொடுத்த வாசகம். அம்மாயி சொல்வது வேறு மொழியில் இருக்கும். நான் அதைப் புத்தகத் தமிழாக்கிவிடுவேன். போகிற கடுதாசியும் வருகிற கடுதாசியும் சிறை அதிகாரி படித்த பிறகுதான் கைமாறும் என்பது அம்மாயிக்குத் தெரியும். எழுதுகிறவள் பேத்தி என்பதும் தெரியும். மகனிடம் மட்டும் சொல்ல வேண்டியதை இரண்டு பேரைத் தாண்டி ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? சொல்லாமலே விட்டார்.

2002இல் தாத்தாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். மாமா ஒவ்வொரு கடுதாசியிலும் "அப்பா ஏன் மனுவுக்கு வரவில்லை" என்று கேட்டிருந்தார். "அப்பா நல்லா இருக்காரு, அறுப்பு வேலைன்னு எழுது" என்றார் அம்மாயி. எழுதினேன். நாலு மாசம் எழுதினேன். உள்ளே இருக்கிறவனுக்கு எதற்குக் கவலை என்பது அவருடைய நியாயம். தாத்தா செத்த அன்றைக்குத் தந்தி கொடுத்தோம். உத்தரவு வாங்கி, போலீஸ் காவலோடு மாமா வந்து சேர்ந்தது மூன்றாம் நாள். பால் தெளித்து முடிந்திருந்தது. அவர் அம்மாயியை எதுவும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, "நீதானே பாப்பா எழுதுன?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

*

ரொம்ப வருஷம் கழித்துத்தான் விதி எனக்குத் தெரிந்தது. 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகளின்படி, பெற்றோர் இறந்தால் மட்டுமில்லை, கடுமையான நோயில் கிடந்தாலும் தண்டனைக் கைதி அவசர விடுப்புக் கேட்கலாம். நான் உள்ளதை எழுதியிருந்தால் மாமா கேட்டிருக்கலாம். கேட்டதெல்லாம் கிடைத்திருக்கும் என்று சொல்லமாட்டேன். கேட்கிற வழியே இல்லாமல் அடைத்தது என்னுடைய 'எல்லோரும் நலம்'தான்.

அதே விதிகளில் சாதாரண விடுப்பும் உண்டு. குடும்பப் பிழைப்புக்கு வழி செய்ய, வீட்டைச் செப்பனிட, விவசாய வேலை பார்க்க என்று காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் விடுப்புக்கு முன் ஊரில் விசாரணை நடக்கும். நன்னடத்தை அலுவலர் வருவார், போலீசிடம் அறிக்கை போகும். ஊர் என்றால் எது ஊர்? விசாரிக்க வருகிறவர் சேரிக்கு வருகிறாரா, ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து விசாரிக்கிறாரா? எவனோடு சண்டை போட்டு உள்ளே போனானோ அவன் வாயிலிருந்து நற்சான்று வர வேண்டும். மாமா ஒரு தடவை கேட்டார். ஊரில் அமைதி கெடும் என்று திரும்பி வந்துவிட்டது. பிறகு அவர் கேட்கவே இல்லை.

சட்டம் நமக்கு எதிராக மட்டும் இருந்ததாகச் சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். கடுதாசியின் வலுவைக் காட்டும் வழக்கு ஒன்று உண்டு. டெல்லி திகார்ச் சிறையில் இருந்த சுனில் பத்ரா என்ற மரண தண்டனைக் கைதி, சக கைதி ஒருவர் சித்திரவதை செய்யப்பட்டதை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டு 1979 டிசம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தீர்ப்பெழுதினார். உறவினரும் நண்பரும் வந்து பார்ப்பது கைதிக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதையும் அதில் சேர்த்துச் சொன்னார். 1981இல் பிரான்சிஸ் கொராலி முல்லின் வழக்கில், குடும்பத்தாரைச் சந்திப்பது அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பாயிற்று. ஆக, மனு பார்ப்பது யாரோ போடும் பிச்சை இல்லை. அம்மாயி கும்பிட்டுக் கேட்டது அவருடைய உரிமை. அவருக்கு அது தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர்கள் அவரிடம் சொல்லவில்லை.

2024 அக்டோபர் 3 அன்று, பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில், சிறைக்குள் சாதி பார்த்து வேலை கொடுப்பதும் சாதி பார்த்து அடைப்பதும் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து அடைத்திருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. நாடு விடுதலை பெற்று 77 வருஷம் கழித்து! 2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டு மக்கள்தொகையில் நாம் 16.6 சதவீதம், சிறைக்குள்ளேயோ ஐந்தில் ஒருவருக்கு மேல் நம்மவர்கள். பதிவேட்டில் கட்டத்தை அழித்துவிடலாம். கணக்கை எப்படி அழிப்பது?

*

சிறை வாசலில் நின்றவளின் வரலாறு தமிழ்நாட்டில் ஒரு தடவை எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. அது அற்புதம்மாளால். 1991 ஜூன் 11 அன்று, ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பேரறிவாளனைப் பிடித்தபோது அவருக்கு வயது 19. 1998இல் தூக்குத் தண்டனை, 1999இல் அது உறுதி, 2014இல் ஆயுளாகக் குறைப்பு, 2022 மே 18இல் விடுதலை. இந்த முப்பத்தொரு வருஷமும் அந்தத் தாய் சிறை வாசலுக்கும் நீதிமன்றத்துக்கும் கூட்ட மேடைக்குமாக அலைந்தார். துணிப்பையோடு அவர் நடந்த நடைதான் அந்த வழக்கை ஊர் மறக்காமல் வைத்திருந்தது.

இன்னொரு தாய் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர் மகன் சாந்தனும் அதே வழக்கில் தூக்கிலிருந்து ஆயுளாகி, 2022 நவம்பர் 11 அன்று மற்றவர்களோடு விடுதலையானார். ஆனால் இலங்கைக் குடிமக்கள் என்பதால் அவரையும் முருகன், ராபர்ட் பயஸ், ஜெயக்குமார் ஆகியோரையும் கொண்டுபோய் அடைத்த இடம் திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலேயே இருக்கும் சிறப்பு முகாம். விடுதலையான நளினி, கணவர் முருகனைப் பார்க்க அந்த முகாமுக்கு வந்தார். அவரும் ஒரு மனுக்காரியாக. சாந்தன், அம்மாவைப் பார்க்க வேண்டும், ஊருக்கு அனுப்புங்கள் என்று எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார். போகலாம் என்று அனுமதி வந்த நேரத்தில் உடம்பு கெட்டுவிட்டது. 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் இறந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்த தாயிடம் பெட்டியில் உடல்தான் போய்ச் சேர்ந்தது. மற்ற மூவரும் ஏப்ரல் 3 அன்று இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள்.

1958இல் புதைத்த உடலை ஒரு பெண் போராடி வாங்கிய அதே சிறை வளாகம். 66 வருஷம் கழித்து, அங்கே அடைபட்டிருந்தவரின் உடலுக்காக ஒரு தாய் கடலுக்கு அந்தப்பக்கம் காத்திருந்தார். வழக்குகள் வேறு, சாதி வேறு, நாடு வேறு. தண்டனை தீர்ந்தபிறகும் தீராத தண்டனை மட்டும் ஒன்று. அதை அனுபவிப்பவர் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இருப்பதில்லை.

*

இன்றைக்கு வலை பல இடத்தில் கண்ணாடியாகிவிட்டது, இண்டர்காமில் பேசலாம். 2020இல் கொரோனாவுக்காக மனுவை நிறுத்தியபோது வீடியோவில் முகம் பார்க்க ஏற்பாடு வந்தது. கைதி வீட்டுக்குப் போன் செய்யலாம். இதெல்லாம் முன்னேற்றம்தான். ஆனால் வீட்டில் நல்ல போன் இருக்க வேண்டும், ஆதார் அட்டையில் பெயர் சரியாக இருக்க வேண்டும், என்ன கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும். எழுதத் தெரியாதவள் இன்னும் இன்னொருவர் கையைத்தான் எதிர்பார்க்கிறாள்.

அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கொடி பிடிக்கிறோம், மறியல் செய்கிறோம், நம் பையன்கள் உள்ளே போகிறார்கள். ஜாமீன் வரைக்கும் இயக்கம் கூட வருகிறது. அதற்குப் பிறகு வருகிற ஏழு வருஷம், பத்து வருஷம் அம்மாயிமார்களின் பாடு. தெருவுக்கு ஒருவர் விடுப்பு விதியைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் காசில்லாமல் வக்கீல் கிடைப்பார். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் சாதியினருக்கும் காவலில் இருப்பவருக்கும் அந்த உரிமை உண்டு. மனுவுக்குப் போகிற பெண்ணோடு ஒருவர் துணைக்குப் போங்கள். முக்கியமாக, கடுதாசி எழுதிக் கொடுக்கும்போது அவர் சொல்வதை அவர் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள்.

அம்மாயி 2011இல் செத்துப்போனார். மாமா இருக்கிறார், வாழைத்தோப்பில் வேலை. அந்தக் கடுதாசிகளைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

சின்னம்மாவோடு அன்றைக்கு நானும் போனேன். ஒன்றாம் நம்பர் பஸ்தான். மகனைப் பார்த்துவிட்டு வந்த மறுவாரம், ஒரு கடுதாசி எழுதணும் என்று வந்து உட்கார்ந்தார். அவருக்குச் சர்க்கரையில் கால் புண்ணாகி ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருந்தார்கள். "நல்லா இருக்கேன்னு எழுது பாப்பா" என்றார். "இல்ல சின்னம்மா, கால் புண்ணையும் எழுதுவோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி, எழுது. ஆனா சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லன்னும் சேத்து எழுது, அது நெசந்தான்" என்றார்.

இரண்டையும் எழுதினேன்.